நூறைத் தொட நான்கே விநாடி: மின்சாரக் காரின் 'பிக்கப்' வந்த வழி



"மின்சாரக் காரா? அது பொம்மை வண்டி மாதிரி மெதுவாகத்தானே போகும்?" என்று கேட்பவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். லோரியும் டீசல் வேனும் ஓட்டிப் பழகிய பெரியவர்கள் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. இயந்திரம் உறுமினால்தான் அவர்களுக்கு அது பலம். சத்தமே இல்லாமல் நகரும் வண்டியை எப்படி நம்புவது?

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிஒய்டி நிறுவனத்தின் 'சீல்' என்ற மின்சாரக் கார் மலேசியாவில் விற்பனைக்கு வந்தது. நான்கு கதவுகள், ஐந்து பேர் அமரும் இருக்கைகள், பின்னால் பொருள் வைக்க இடம் என்று பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார்தான். அதன் உயர்ரக வகையின் அறிமுக விலை 199,800 ரிங்கிட். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 390 கிலோவாட் திறன் தருகின்றன. பழைய கணக்கில் சொன்னால் 530 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட அதற்கு வேண்டியது 3.8 விநாடி.

1987-ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் எஃப்40 என்ற பந்தயக் காரை வெளியிட்டது. அந்தக் காலத்துப் பையன்கள் அதன் படத்தைப் படுக்கையறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். அதற்கு 100-ஐத் தொட 4.1 விநாடி ஆகும் என்று நிறுவனமே சொன்னது. கோடீஸ்வரர்கள் மட்டும் வாங்கிய அந்தக் காரை, ஜொகூர் பாருவில் மாதத் தவணைக்குக் கிடைக்கும் ஒரு குடும்பக் கார் பச்சை விளக்கு விழுந்ததும் முந்திவிடும்!

பள்ளிப் பாடநூலில் இதற்கு 'முடுக்கம்' என்று பெயர். நம் வாயில் 'பிக்கப்'. உச்ச வேகம் வேறு, முடுக்கம் வேறு. எவ்வளவு தூரம் வேகமாகப் போகும் என்பது ஒன்று. அந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டும் என்பது இன்னொன்று. நம் நாட்டு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதி இல்லை. ஆகவே 250 போகும் கார் வைத்திருந்தும் பயனில்லை. ஆனால் முடுக்கத்திற்கு எந்த அறிவிப்புப் பலகையும் கிடையாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விநாடி என்பது பெரிய சொத்து. விளம்பரத்திற்குப் போகும் முன் மூன்று விநாடி மீதமிருந்தால் அதில் ஒரு வாக்கியம் பேசி முடித்துவிடலாம். குரோஷியா நாட்டில் தயாராகும் ரிமாக் நெவேரா என்ற மின்சாரக் கார், 2023-இல் நடந்த சோதனையில் 1.81 விநாடியில் 100-ஐத் தொட்டது. 'வணக்கம் நேயர்களே, மீண்டும் சந்திக்கிறோம்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கார் நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கும்.

இந்தத் திறன் திடீரென்று முளைத்ததா? இல்லை. பெட்ரோல் கார் பிள்ளைப் பருவத்தில் இருந்தபோதே மின்சாரக் கார் அதை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது.

சிவப்புத் தாடிக்காரரின் வண்டி

பாரிஸ் நகருக்குப் பக்கத்தில் அஷேர் என்ற ஊர். 1898 டிசம்பர் 18-ஆம் தேதி அங்கே காஸ்டோன் தெ ஷாஸ்லூ-லோபா என்ற பிரபு ஒரு மின்சார வண்டியை மணிக்கு 63.15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். தரையில் ஓடும் வாகனத்திற்கு முறையாகப் பதிவான முதல் வேகச் சாதனை அதுதான். காமில் ஜெனட்சி என்ற பெல்ஜியப் பொறியாளருக்கு இது பொறுக்கவில்லை. அவரும் மின்சார வண்டி செய்பவர். சிவந்த தாடி வைத்திருந்ததால் பந்தய உலகம் அவரைச் 'சிவப்புப் பிசாசு' என்று அழைத்தது.

1899 ஜனவரி 17-இல் ஜெனட்சி 66 கிலோமீட்டரைத் தாண்டினார். அதே நாளில் பிரபு மறுபடி ஓட்டி 70-ஐத் தாண்டினார். பத்து நாள் கழித்து ஜெனட்சி 80. மார்ச் மாதம் பிரபு 92. இரண்டு பேருக்கும் இடையே இப்படி ஒரு ஏலப்போட்டி! ஒரு பக்கத்தில்கூடப் பெட்ரோல் வண்டி இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைசியில் ஜெனட்சி புதிதாக ஒரு வண்டியைக் கட்டினார். அலுமினியக் கலவைத் தகட்டில் செய்த குண்டு வடிவ உடல். அதன் மேல் ஓட்டுநர் பாதி உடம்பு வெளியே தெரிய உட்கார்ந்திருப்பார். காற்றைக் கிழிக்கும் வடிவம் செய்து, அதன் மேல் ஆளை உட்கார வைத்தால் என்ன பயன் என்று இன்றைக்கு நமக்குச் சிரிப்பு வரும். வண்டியின் எடை ஏறக்குறைய 1,450 கிலோ. அதில் பாதியளவு மின்கலம். இரண்டு மோட்டார்களும் சேர்ந்து 68 குதிரைத்திறன். வண்டிக்கு அவர் வைத்த பெயருக்குத் தமிழில் 'ஒருநாளும் திருப்தி அடையாதவள்' என்று பொருள். 1899 ஏப்ரல் 29 அன்று அந்த வண்டி மணிக்கு 105.88 கிலோமீட்டர் ஓடியது. மனிதன் சாலை வாகனத்தில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் நாள் அது. தாண்டியது மின்சாரக் கார்.

மூன்று ஆண்டுகள் அந்தச் சாதனை அசையவில்லை. 1902-இல் அதை முறியடித்ததும் பெட்ரோல் கார் அல்ல. செர்போலே என்பவரின் நீராவிக் கார். (ஜெனட்சியின் முடிவு பரிதாபமானது. 1913-இல் நண்பர்களோடு வேட்டைக்குப் போனவர், விளையாட்டாகப் புதருக்குப் பின்னாலிருந்து காட்டுப்பன்றி போல் உறுமினார். நண்பர் ஒருவர் உண்மையான பன்றி என்று எண்ணிச் சுட்டுவிட்டார்.)

அந்த வண்டியில் நமக்கு நெருக்கமான பொருள் ஒன்றும் இருந்தது. அது மிஷெலின் டயர்களில் ஓடியது. அன்றைக்கு ரப்பர் பெரும்பாலும் அமேசான் காடுகளிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் அதே காலத்தில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி, பால்மரக் கன்று நடச் சொல்லித் தோட்டக்காரர்களைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். 1896-இல் டான் சாய் யான் என்ற செல்வந்தர் மலாக்காவில் முதல் ரப்பர் தோட்டத்தை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜொகூர் முழுக்கப் பால்மரக் காடு. விடிகாலை இருட்டில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிகளின் உழைப்பு உலகத்தின் கார்களுக்கெல்லாம் டயராகப் போயிற்று. இதைச் சும்மா பெருமைக்காகச் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மோட்டாரைப் பொருத்தினாலும், அந்தப் பலம் சாலையில் இறங்குவது நான்கு டயர்களின் உள்ளங்கையளவு பரப்பின் வழியாகத்தான். முடுக்கத்தின் கடைசி எல்லை மோட்டாரில் இல்லை, டயரின் பிடிமானத்தில் இருக்கிறது.

பலம் ஏன் உடனே வருகிறது?

பெட்ரோல் இயந்திரம் மூச்சு விடும் பிராணி மாதிரி. அது சுழன்றால்தான் காற்றை இழுக்கும், காற்றை இழுத்தால்தான் எரியும், எரிந்தால்தான் பலம். நிற்கும் நிலையில் அதனிடம் பலமே இல்லை. அதனால்தான் 'கிளட்ச்' என்றும் 'கியர்' என்றும் இத்தனை ஏற்பாடு. மேட்டில் நிற்கும் கையியக்கக் காரை எடுக்கத் தெரியாமல் ஓட்டுநர் தேர்வில் பின்னால் உருட்டிவிட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! இயந்திரம் நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றை எட்டும்போதுதான் அதன் முழு இழுவை வெளிப்படும். அதற்குள் அரை விநாடி, ஒரு விநாடி கழிந்துவிடும். கியர் மாற்றும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் போகும்.

மின்மோட்டார் வேறு பிறவி. சுருளில் மின்சாரம் பாய்ந்த அந்தக் கணமே காந்தப்புலம் எழுகிறது; அச்சைத் திருகுகிறது. ஒரு சுற்றுகூடச் சுற்றாத நிலையிலேயே அதன் முழுத் திருகுவிசையும் கையில் இருக்கிறது. பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு ஒரே ஒரு கியர் போதும். சக்கரம் வழுக்க ஆரம்பித்தால், கட்டுப்படுத்தும் மின்னணுச் சுற்று அதை ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குள் உணர்ந்து பாய்ச்சலைக் குறைத்துவிடும். பெட்ரோல் இயந்திரத்தில் அவ்வளவு நுணுக்கமாக, அவ்வளவு விரைவாகச் செய்ய முடியாது. ஆகவே டயர் தாங்கும் கடைசி வரம்பு வரைக்கும் மின்சாரக் கார் துணிந்து போகலாம்.

அப்படியானால் 1899-இல் ஜெயித்த வண்டி ஏன் காணாமல் போயிற்று?

காரணம் மோட்டார் அல்ல, மின்கலம். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எவ்வளவு பெரிது என்பது காரின் தூரம். அதிலிருந்து வரும் குழாய் எவ்வளவு அகலம் என்பது காரின் முடுக்கம். அன்றைய ஈய-அமில மின்கலத்திற்குத் தொட்டியும் சிறியது, குழாயும் குறுகல், எடையோ மலை. வேகமாக இழுத்தால் சூடேறும், சீக்கிரம் தீரும். அமெரிக்காவில் 1907-இலிருந்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பெயரில் மின்சாரக் கார்கள் விற்றன. ஹென்றி ஃபோர்டின் மனைவியே அதைத்தான் ஓட்டினார். பெட்ரோல் காரை முன்னால் நின்று கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும்; கை முறிந்தவர்களும் உண்டு. மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது பெண்களிடையே அதற்குப் பெரிய செல்வாக்கைத் தந்தது. 1912-இல் காடிலாக் நிறுவனம் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சாரக் கிளப்பியைத் தன் பெட்ரோல் காரில் பொருத்தியது. அதோடு கைப்பிடி ஒழிந்தது. மின்சாரக் காரின் கடைசி அனுகூலமும் ஒழிந்தது. ஒரு சின்ன மின்மோட்டார் வந்து மின்சாரக் காரை வீழ்த்தியது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண்.

பிறகு நெடுங்காலம் மின்மோட்டார் சாலையை விட்டுவிட்டுக் கிடங்குக்குள் வாழ்ந்தது. பாசிர் கூடாங் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும், மின்சார ஃபோர்க்லிஃப்ட் எவ்வளவு பாரத்தைச் சத்தமில்லாமல் தூக்குகிறது என்று. அமெரிக்காவில் ஜான் வேலண்ட் என்பவர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் ஒரு டட்சன் 1200 காரை எடுத்தார். நம் ஊரில் அந்தக் காலத்தில் ஓடிய அதே டட்சன்தான். இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, நேர்மின்னோட்டத்தில் ஓடும் மோட்டார்களைப் பொருத்தினார். அந்த வெள்ளைக் கார் கால் மைல் பந்தயத் தடத்தில் பெரிய பெரிய வி8 இயந்திரக் கார்களைப் பின்னால் தள்ளியது. 2010 வாக்கில், லித்தியம் மின்கலத்துடன், கால் மைலை 11 விநாடிக்கும் குறைவாக ஓடியது. பார்க்க வந்தவர்கள் சிரித்தபடி வந்து வாயடைத்துத் திரும்பினார்கள்.

நம் கையில் இருந்த லோட்டஸ்

இனி சொல்லப் போவது மலேசியர்கள் பலருக்குத் தெரியாத பகுதி. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் ஏசி ப்ரொபல்ஷன் என்ற சிறு நிறுவனம். அங்கே ஆலன் கொக்கோனி என்ற பொறியாளர் 1997-இல் 'டிசீரோ' என்ற இரண்டு இருக்கை மின்சாரக் காரைக் கட்டினார். ஈய-அமில மின்கலத்தோடு அது மணிக்கு 60 மைல் வேகத்தை, அதாவது 96 கிலோமீட்டரை, சுமார் நான்கு விநாடியில் தொட்டது. 2003-இல் மடிக்கணினியில் இருக்கும் சின்னஞ்சிறு லித்தியம் மின்கலங்களை ஆயிரக்கணக்கில் கோத்து உள்ளே வைத்தார்கள். எடை குறைந்தது, நேரம் 3.6 விநாடியாக இறங்கியது. தொட்டியும் பெரிதாயிற்று, குழாயும் அகலமாயிற்று. அந்த நிறுவனம் அதைப் பெருமளவில் தயாரிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் காரைக் கண்டு மனம் பறிகொடுத்தவர்கள் வேறு நிறுவனம் தொடங்கினார்கள். 2003-இல் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெயர் டெஸ்லா.

மோட்டாரும் மின்கலமும் பற்றி யோசனை இருந்தது. கார் செய்யத் தெரியாதே? உடலுக்கு எங்கே போவது? இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்திடம் போனார்கள். அதன் 'எலிஸ்' கார் எடை குறைவானது. அதன் அலுமினிய அடிச்சட்டம் அன்றைக்கு முன்மாதிரியானது. 2005-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹெத்தல் என்ற ஊரில் உள்ள லோட்டஸ் தொழிற்சாலையில் டெஸ்லா ரோட்ஸ்டரின் உடல் உருவாகி, மோட்டாரும் மின்கலமும் இல்லாத கூடாக அமெரிக்கா போயிற்று. அங்கே 6,831 சிறு மின்கலங்கள் அடங்கிய பெட்டியைப் பொருத்தினார்கள். 2008-இல் வாடிக்கையாளர்கள் கைக்கு வந்த அந்தக் கார் 60 மைலை 3.9 விநாடியில் தொட்டது. ஏறக்குறைய 2,450 கார்கள் விற்றன. மின்சாரக் கார் என்றால் ஊர்வது என்ற எண்ணத்தை உலகம் முழுக்க உடைத்தது இந்தக் கார்தான்.

அந்த ஆண்டுகளில் லோட்டஸின் முதலாளி யார் தெரியுமா? நமது புரோட்டோன்!

1985-இல் முதல் சாகா காரை வெளியிட்ட நிறுவனம், பதினொரு ஆண்டுகளில் உலகப் புகழ்பெற்ற ஒரு பந்தயக் கார் நிறுவனத்தை வாங்கியது. 1996-இல் லோட்டஸின் 80 விழுக்காட்டுப் பங்குகள் புரோட்டோன் கைக்கு வந்தன. அப்போது புரோட்டோனுக்குத் தலைமை தாங்கிய டான்ஸ்ரீ யஹாயா அகமட், அடுத்த ஆண்டே ஹெலிகாப்டர் விபத்தில் காலமானார். 2003-இல் லோட்டஸ் முழுமையாக நமக்கே சொந்தமானது. ஆக, டெஸ்லாவின் முதல் காருக்கு உடல் கொடுத்தது ஒரு மலேசிய நிறுவனத்தின் பிள்ளை.

இதோடு தொடர்புள்ள இன்னொரு செய்தி. 2009 மார்ச்சில் புரோட்டோன், டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற நிறுவனத்துடன் மின்சாரக் கார் தயாரிக்க ஒப்பந்தம் செய்தது. ஆம், ஃபோர்டின் மனைவி ஓட்டிய அதே பெயர்தான். லோட்டஸில் பணியாற்றியவர்கள் அந்தப் பழைய பெயரை வாங்கி உயிர்ப்பித்திருந்தார்கள். புரோட்டோன் காரின் உடலில் மின்மோட்டார் பொருத்தி விற்பது திட்டம். ஒரு கார்கூட நம் சாலைக்கு வரவில்லை.

2017-இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டையும் லோட்டஸின் 51 விழுக்காட்டையும் வாங்கியது. இரண்டே ஆண்டில் லோட்டஸ், எவிஜா என்ற மின்சாரக் காரை அறிமுகம் செய்தது. அதன் திறன் 2,000 குதிரைத்திறனுக்கு மேல்! பிறகு வந்த எலெட்ரே என்ற நான்கு சக்கர உந்துக் குடும்பக் காரின் உயர்ரக வகை மூன்று விநாடிக்கும் குறைவாக 100-ஐத் தொடுகிறது. அதைத் தயாரிப்பது சீனாவின் ஊஹானில்.

"விற்றிருக்கக் கூடாது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லோட்டஸ் நம்மிடம் இருந்த காலத்தில் புரோட்டோனுக்கு அது பெரும் சுமையாகவே இருந்தது. ஆனால் பணக் கணக்கு வேறு, பாடக் கணக்கு வேறு. ஹெத்தலில் டெஸ்லாவின் கூடுகள் வரிசையாக உருவான அந்த ஆண்டுகளில், ஷா ஆலாமிலிருந்தும் தஞ்சோங் மாலிமிலிருந்தும் நம் இளம் பொறியாளர்களை அலை அலையாக அனுப்பியிருந்தால்? மின்சாரக் காரின் அரிச்சுவடி நம் சொந்த வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டது. நாம் வேறு அறையில் இருந்தோம். புரோட்டோனின் சொந்த மின்சாரக் கார் இ.மாஸ் 7 வந்தது 2024 டிசம்பரில். அதுவும் ஜீலியின் தொழில்நுட்பத்தில்.

பந்தயத் தடம் ஜொகூருக்குப் புதிதல்ல. 1960-களில் ஜொகூர் பாருவின் சாலைகளிலேயே கார்ப் பந்தயம் நடந்திருக்கிறது. 1986-இல் பாசிர் கூடாங் தடம் திறந்தது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரிக்ஸ் அங்கே நடந்தது. மின்சாரப் பந்தயம் என்று வரும்போது நம் நாட்டில் புத்ராஜெயாதான். 2014 நவம்பர் 22-இல் பிரதமர் அலுவலகத்தைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. அந்த உலகத் தொடரின் இரண்டாவது பந்தயமே அது. சென்னையில் பிறந்த கருண் சந்தோக், இந்தியாவின் மஹிந்திரா அணிக்காக ஓட்டி ஆறாவது இடம் பிடித்தார். அன்றைய மின்கலம் ஒரு பந்தயம் முழுக்கத் தாங்காது. ஆகவே ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள். பாதிப் பந்தயத்தில் ஒன்றிலிருந்து குதித்து மற்றதில் ஏறி ஓட வேண்டும்! மறு ஆண்டும் நடந்தது. பிறகு நம் நாட்டுக்கு வரவில்லை. இன்றைய ஃபார்முலா இ காருக்கு 60 மைலைத் தொட 1.82 விநாடி போதும். வண்டி மாற்றும் வேடிக்கையும் இல்லை.

இந்த விநாடிக் கணக்குகளில் ஒரு சிறு தந்திரமும் உண்டு, கவனியுங்கள். அமெரிக்கப் பந்தயத் தட வழக்கப்படி, கார் ஏறக்குறைய ஓர் அடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்த ஓர் அடிக்குக் கால் விநாடி வரை போகும். டெஸ்லாவின் மாடல் எஸ் பிளாய்ட் 1.99 விநாடி என்று 2021-இல் விளம்பரம் செய்தது அந்த ஓர் அடியைக் கழித்துத்தான். சுவிட்சர்லாந்து மாணவர்கள் 2023-இல் இப்படி எதையும் கழிக்காமலே எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார்கள். சூரிச், லூசெர்ன் மாணவர்கள் சேர்ந்து கட்டிய 140 கிலோ எடையுள்ள சிறு மின்சாரக் கார் 0.956 விநாடியில் 100-ஐத் தொட்டது. அதற்கு வேண்டியிருந்த தூரம் 12.3 மீட்டர்.

கஞ்சிலும் சீலும் ஒரே உரிமமும்

அந்தத் தூரக் கணக்கை நம் சாலைக்குக் கொண்டுவருகிறேன். வேகம் சீராகக் கூடுவதாக வைத்துக்கொண்டால், 12 விநாடியில் 100-ஐத் தொடும் சாதாரண பெட்ரோல் கார் அதற்குள் 167 மீட்டர் ஓடியிருக்கும். 3.8 விநாடிக் கார் 53 மீட்டரில் அதே வேகத்தில் இருக்கும். 53 மீட்டர் என்பது ஒரு கடைவரிசையின் நீளம். ஸ்கூடாயிலோ தெப்ராவிலோ சாலையைக் கடக்க நிற்பவர், தூரத்தில் நிற்கும் காரைப் பார்த்து "போய்விடலாம்" என்று மனத்துக்குள் போடும் கணக்கு, 12 விநாடிக் கார்களைப் பார்த்துப் பழகிய கணக்கு. சத்தமும் வராது. உறுமல் கேட்டு ஒதுங்கும் பழக்கம் இங்கே உதவாது.

நிறுத்துவதில் மின்சாரக் காருக்கு இப்படிப்பட்ட அற்புதம் எதுவும் இல்லை. அங்கேயும் டயரின் பிடிமானம்தான். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கிப் பிரேக்கில் வைக்க ஒன்றரை விநாடி ஆனால், அதற்குள்ளேயே 40 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கும். எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் 30 குதிரைத்திறன் அளவே கொண்ட, 700 கிலோவை ஒட்டிய வண்டி. நான் சொன்ன சீல் 2,185 கிலோ. ஒரே வேகத்தில் மோதினால் அது சுமந்து வரும் ஆற்றல் கஞ்சிலின் மூன்று மடங்கு.

கஞ்சிலில் ஓட்டப் பழகி 'டி' உரிமம் வாங்கியவர், அதே அட்டையை வைத்துக்கொண்டு 530 குதிரைத்திறன் காரை எடுக்கலாம். கியர் மாற்றத் தெரியாதவருக்கு 2014-இலிருந்து 'டிஏ' உரிமம் இருக்கிறது. அதிலும் அப்படியே, மின்சாரக் காருக்குக் கியர்தான் இல்லையே. புதிதாக உரிமம் பெற்று 'பி' அட்டை ஒட்டியிருக்கும் இரண்டு ஆண்டுகளிலும் காரின் திறனுக்கு வரம்பு இல்லை. மோட்டார் சைக்கிளுக்கு நம் நாடு அப்படி விடவில்லையே! 250 சிசி வரை 'பி2', 500 வரை 'பி1', அதற்கு மேல் முழு 'பி' உரிமம் என்று படிப்படியாகத்தான் ஏறவிடுகிறது. காப்சாய் ஓட்டுபவரிடம் கேட்கும் கேள்வியைக் கார்க்காரரிடம் கேட்பதில்லை. சாலை வரியில் மட்டும் விழித்துக்கொண்டோம். 2025 முடிய விலக்குப் பெற்றிருந்த மின்சாரக் கார்களுக்கு 2026 முதல் கிலோவாட் கணக்கில் வரி. அரசாங்கம் திறனை அளக்கத்தான் செய்கிறது, ஆனால் வரிக்காக.

ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சாலையில் பறிகொடுக்கும் நாடு இது. அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். காரின் முடுக்கம் கூடினால் அதைத் தாங்கப் போவது அவர்களின் முதுகு. இந்தக் கேள்வியை வேறு நாடுகள் எப்படி எடுத்துக்கொண்டன என்று தேடிப் பார்த்தேன். ஆஸ்திரேலியாவின் தென் ஆஸ்திரேலிய மாநிலம் 2024 டிசம்பரிலிருந்து அதிதிறன் கார்களுக்குத் தனி உரிமம் கொண்டுவந்தது. டன் எடைக்கு 276 கிலோவாட்டும் அதற்கு மேலும் திறன் இருந்தால், தனிப் பயிற்சி முடித்துச் சான்று பெற வேண்டும். அடிலெய்டில் அதிதிறன் கார் ஒன்று மோதி ஓர் இளம்பெண் இறந்ததற்குப் பிறகு எழுந்த கோரிக்கை அது. 3.8 விநாடிக் கார்கூட அந்த வரம்புக்குள் வராது என்பதால், சட்டம் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சீனா இன்னும் எளிய வழியைப் பிடித்திருக்கிறது. இந்த மின்சாரக் கார்களையெல்லாம் செய்து உலகுக்கு விற்கும் நாடு அது. 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதியில், ஒவ்வொரு முறை காரைக் கிளப்பும்போதும், 100-ஐத் தொட ஐந்து விநாடிக்குக் குறையாத நிதான நிலையில்தான் அது விழித்தெழ வேண்டும் என்றது. அதற்கு மேல் வேண்டுமானால் ஓட்டுநரே வேண்டுமென்று பொத்தானைத் தொட்டு மாற்றிக்கொள்ளலாம். யாருடைய ஆசையையும் தடுக்கவில்லை. அறியாமல் நடப்பதைத்தான் தடுக்கிறது. செலவும் இல்லை, சில வரி மென்பொருள். நம் போக்குவரத்து அமைச்சு நாளைக்கே கேட்கக்கூடிய ஒன்று இது.

அதுவரை, மின்சாரக் கார் வாங்கப் போகும் நேயர்கள் விற்பனையாளரிடம் நிறத்தையும் தவணையையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: "அணைத்துவிட்டு மறுபடி போட்டால், கார் எந்த முறையில் எழும்?" சில கார்கள் கடைசியாக ஓட்டிய முறையிலேயே எழும். முந்தின இரவு அப்பா 'ஸ்போர்ட்' முறையில் ஓட்டிவந்து நிறுத்திய காரை, மறுநாள் காலை 'பி' அட்டை ஒட்டிக்கொண்டு கல்லூரிக்கு எடுத்துப் போவது மகளாக இருக்கும்.